பச்சைக் காப்பின் திருகு

எனாமல் நகையைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள், பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று கேட்டார்கள். எந்த நிறத்துக்கு எவ்வளவு சூடு, சிவப்பு ஏன் சொன்ன பேச்சு கேட்காமல் கறுத்துப் போகிறது என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கு நான் எதற்கு? அடுப்பின் முன்னால் கொஞ்ச காலம் உட்கார்ந்தால் அடுப்பே சொல்லிக் கொடுத்துவிடும். நடுவில் நாலு தடவை சுட்டும் வைக்கும். அடுப்பு சொல்லித் தராத ஒன்றைத்தான் நான் எழுதப் போகிறேன். படிக்க நன்றாக இருக்காது. சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள்.

முதலில் இந்த நகை ஏன் விற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் மதுரையில் எனாமல் என்றால் ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கிற வெள்ளைத் தட்டுதான் ஞாபகத்துக்கு வரும். நகை என்றால் தங்கம், அதற்கு மேல் போனால் கல். தொண்ணூறுகளில் கல்யாணத்துக்குக் கல்யாணம் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். வீடியோக்காரன் ஒரு லைட்டைத் தூக்கி மணப்பெண் முகத்துக்கு நேராகப் பிடிப்பான். அந்த வெளிச்சத்தில் கழுத்து நிறையப் போட்ட தங்கமெல்லாம் வெளுத்துப்போய் பித்தளையா பவுனா என்று தெரியாமல் கிடக்கும். ஆனால் ஒரு பச்சை மயில் பதக்கம் பச்சையாகவே தெரியும். அதைக் கேசட்டில் பார்த்த பெண்கள் எல்லாரும் எங்களைத் தேடி வந்தார்கள். கல் என்றால் உதிரும், இது உதிராது என்று கடைக்காரர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

இதன் பூர்வீகம் வடக்கே. அங்கே அரண்மனைப் பெண்கள் போட்ட நகைகளில் முன்பக்கம் கல்லும், தோலோடு ஒட்டுகிற பின்பக்கம் எனாமலும் இருக்குமாம். எங்கள் பட்டறையில் அடுப்பு வேலை பார்த்த வடநாட்டுக்காரர் சொல்வார். ஊர் பார்க்கக் கல், போட்டிருப்பவள் மட்டும் பார்க்க நிறம். அதை நம் ஊரில் திருப்பிப் போட்டு முன்பக்கம் கொண்டுவந்துவிட்டோம். மற்றபடி சங்கதி ஒன்றுதான். தங்கத்தில் பள்ளம் வெட்டி, நிறக் கண்ணாடியைத் தூளாக்கி, அதில் நிரப்பி, சூட்டில் உருக விடுவது. ஆறினால் தங்கத்தோடு தங்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது கண்ணாடி. இதை மறந்தவன் கெட்டான். தங்கம் வளையும், நெளியும், மறுபடி தட்டினால் நேராகும். கண்ணாடிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. எனாமல் வைத்த நகையில் கொக்கி உடைந்தது என்று ஊதுகுழலை எடுத்து நெருப்புக் காட்டினால், மயிலின் கழுத்து விரிசல் விட்டுக் கையோடு வந்துவிடும். ஒருமுறை உடைந்தால் அதே நிறத்தை மறுபடி வைப்பதும் கஷ்டம். அதனால் எங்கள் கை என்ன பழகுகிறது என்றால், எதை விட்டாலும் எனாமலை விடாதே என்று பழகுகிறது. இதைத்தான் நீங்களும் இப்போது பழகிக்கொண்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் பட்டறை. என் வேலை பூட்டும் திருகும் வைப்பது. ஊருக்கெல்லாம் பூட்டு வைக்கிற மனுசன் வீட்டு பீரோவை மட்டும் ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் போகிறார் என்று என் மனைவி கேலி செய்வாள். காப்புகளைத்தான் நான் அதிகம் செய்தேன். காப்பு இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பக்கம் கீல். மறுபக்கம் ஒரு பாதியில் சின்னக் குழல், அதற்குள் திருகு சுற்றி இறங்க மரை வெட்டி, அதில் திருகை இறக்கி இறுக்குவோம். எனாமல் காப்பு என்றால் திருகைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடுப்புக்குப் போகும். அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு மறுபடி என் கைக்கு வர வேண்டும் என்பது பட்டறை வழக்கம். ஏனென்றால் சூட்டில் கண்ணாடி இளகும்போது ஒரு துளி ஓடி அந்தக் குழலுக்குள் இறங்கலாம். கடுகில் பாதி இருந்தாலும் போதும். திருகு பாதிவரை சுகமாக இறங்கும், கழற்றினால் கழறும். கடைசிவரை இறுக்கினால் மட்டும் அந்தத் துளியில் போய்க் கடித்துக்கொள்ளும். தங்க மரை மெத்தென்று இருப்பதால் நசுங்கிப்போய், அப்புறம் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. ஆகவே அடுப்பிலிருந்து வந்த ஒவ்வொரு காப்பின் திருகையும் முழுக்க இறுக்கி, முழுக்கக் கழற்றிப் பார்ப்பேன். பாதி இறுக்கிப் பார்ப்பது பார்ப்பதில் சேர்த்தி இல்லை.

பழங்காநத்தத்தில் டயர் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி பச்சைக் காப்பு செய்யச் சொல்லி வந்தார்கள். பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். வந்தது மூன்று பேர். அம்மாக்காரி, பெயர் வேண்டாம், வாய் திறந்தால் சந்து முழுக்கக் கேட்கும். கல்யாணப்பெண் செல்வி. மூன்றாவது அந்த வீட்டு மருமகள் பேச்சி, அதே உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வாழ வந்தவள். மாதிரிக்கு வைத்திருந்த காப்பை மற்ற இரண்டு பேரும் எடைபோடுகிற மாதிரி பார்த்தார்கள். பேச்சி மட்டும் விரல் நுனியால் அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல மழ பேஞ்ச மறு வாரம் வரப்பெல்லாம் இந்த நெறத்துலதான் கெடக்கும்ணே," என்றாள் என்னிடம்.

"பாத்தது போதும். கைய எடு," என்றாள் மாமியார்.

வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்குத்தான் அந்தப் பச்சை அப்படித் தெரியும். எனாமலைப் பற்றி வடக்கேயும் தெற்கேயும் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவள் சொன்னதைப் போல யாரும் சொன்னதில்லை.

காப்பு அடுப்பிலிருந்து இறங்கிய அன்று நான் உறவில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். முகூர்த்த நெருக்கம். அந்த அம்மாள் வந்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறாள். முதலாளி மெருகு போட்ட கையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் வந்து கேட்டேன்.

"தொறந்து மூடிப் பாத்துத்தான்யா குடுத்தேன். மதுரையிலயே திருகு பாக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானா?" என்றார்.

அதற்கு மேல் பட்டறையில் யாரும் பேச முடியாது.

கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது பேச்சியின் புருசன் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினான். மூச்சு வாங்கினான். பலகாரம் சுடும்போது எண்ணெய்ச் சட்டி சரிந்து பேச்சியின் வலது கையில் கொட்டிவிட்டது, கையில் காப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது, கை வீங்கிவிட்டது, டாக்டரால் கழற்ற முடியவில்லை, செய்த ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள் என்றான். காப்பு அவள் கைக்கு எப்படிப் போனது என்று முதலாளி கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் குறடு, தங்கம் அறுக்கிற கைவாள், அரம் எல்லாவற்றையும் துணியில் சுருட்டும்போது முதலாளி பக்கத்தில் வந்தார்.

"வெட்டிராத. எப்பிடியாச்சும் கழட்டிக் குடுத்துட்டு வா. எனாமல் தெறிச்சா ஜோடி போச்சு. கல்யாணத்துக்குள்ள இன்னொன்னு செய்ய முடியாது. அந்தம்மா நம்ம வாசல்ல வந்து உக்காந்துக்கிரும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது.

அது ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பேச்சியைச் சுவரோரக் கட்டிலில் உட்கார வைத்து, கையைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் என் கண் முதலில் போனது காப்புக்குத்தான். பச்சை அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. நல்ல வேலை என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து, காப்புக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி, காப்பு உள்ளே புதைந்து கிடந்தது. விரல்கள் நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

டாக்டர் வயது குறைந்தவர், பதற்றத்தை மறைக்கத் தெரியவில்லை. "எங்ககிட்ட இருக்கற கட்டர் மோதிரத்துக்குத்தான் சரி. இதுல பல்லு வழுக்குது. விரலுக்கு ரத்தம் போகல. காலையிலேயே இத எடுத்திருக்கணும்," என்றார்.

காலையிலேயே எடுத்திருக்கலாம்தான். சட்டி சரிந்ததும் வீட்டில் மாவைப் பூசியிருக்கிறார்கள். பிறகு தெருக்கோடியில் இருந்த நகை ஆசாரியிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனாமல் போய்விடும், நான் தொடமாட்டேன், செய்தவனிடமே கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் பட்டறையைத் தேடுவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்து பொழுது போயிருக்கிறது. அந்த ஆசாரியை நான் பிற்பாடு பார்த்தேன். நல்ல வேலைக்காரர், யார் சோற்றிலும் மண் போட்டவர் இல்லை. நம் தொழிலில் இல்லாத எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். ஒரு சைக்கிள் கடைக்காரனிடம் போயிருந்தால் கம்பி வெட்டுகிற கத்திரியை எடுத்து வெட்டியிருப்பான். எனாமல் என்றால் என்னவென்று தெரிந்தவன் கையில் போய் மாட்டியதுதான் பேச்சியின் போதாத காலம். அவர் காப்பைக் காப்பாற்றி அனுப்பிவிட்டார்.

வாசல் திரைக்கு அந்தப்பக்கம் மாமியார் நின்றாள். "கழட்டிருய்யா. வெட்டுனா என் மக கல்யாணத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள்.

பேச்சியும் அதையேதான் சொன்னாள். "அண்ணே, வெட்டிராதீங்கண்ணே. அது செல்வியோடது. எனக்கு வலி அம்புட்டு இல்ல."

எனக்கு இரண்டு வழி இருந்தது. திருகின் தலையைக் குடைந்து எடுத்தால் எனாமல் தப்பும், காப்பை மறுபடி சரிசெய்யலாம். அதற்கு நேரம் ஆகும். நட்டநடுவே வெட்டினால் சீக்கிரம் முடியும், காப்பு செத்தது. கை தானாகவே குடைகிற கம்பியைத் தேடியது என்பதைச் சொல்லியாக வேண்டும். விரல்களைப் பார்த்தேன். கம்பியைத் துணிக்குள் திருப்பி வைத்தேன்.

நேராக வாளை வைத்தால் கண்ணாடி தெறித்து வெந்த சதையில் ஏறும். ஈரத்துணியைச் சுற்றிக் கொடுக்கச் சொன்னேன். துணிக்கு மேலேயே குறடால் எனாமலை ஒரு கோடாக நொறுக்கினேன். வாழ்க்கையில் அதற்கு முன்னால் எனாமலை வேண்டுமென்று நொறுக்கியதில்லை. நெரிபடுகிற சத்தம் குறடு வழியாகக் கைக்கு ஏறியது. தூளை நர்ஸ் துடைத்து எடுத்தாள். அடியில் தெரிந்த தங்கத்தில் வாளை வைத்தேன். பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்குள்ள இன்னொன்னு செஞ்சிரலாமாண்ணே?" என்று கேட்டாள்.

"செஞ்சிரலாம்மா. இதே பச்சையில செஞ்சு தாரேன்," என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதே பொய்யைத்தான் சொல்வேன்.

காப்பு விலகியதும் டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். வராந்தாவில் நின்று கையில் இருந்ததைப் பார்த்தேன். திருகு இருந்த பக்கத்தைப் பிரித்தேன். குழலின் அடியில், மரையைக் கடித்துக்கொண்டு, ஒரு பச்சைத் துளி இருந்தது. வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தது. யாரும் முரட்டுத்தனமாகத் திருகி அது மாட்டவில்லை. எங்கள் அடுப்பில் மாட்டியது.

அந்த நேரத்தில்தான் மாமியார் வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். பீரோவிலிருந்து களவாண்டு போட்டிருக்கிறாள், அவசரத்தில் திருகைக் கெடுத்திருக்கிறாள், கழற்ற முடியவில்லை என்றதும் கை சுளுக்கு என்று துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு ஒன்றுமே தெரியாதவள் மாதிரி வந்து பலகாரம் சுட உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் துணி கொதித்த எண்ணெயைக் குடித்துக்கொண்டு கையோடு ஒட்டியதால்தான் இவ்வளவு கோரம்.

"களவாணிக்குக் கடவுள் காட்டிட்டாருல்ல," என்றாள்.

என் முதலாளி எனக்குப் பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்திருந்தார். என் கையிலிருந்த குழலை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. என் முழங்கையைப் பிடித்து, "வாயத் தொறக்காத. தொறந்தா நம்ம பட்டறை போச்சு," என்று காதில் சொன்னார்.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சி இருந்தாள். மாமியார் சொன்ன எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் புருசன் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். செல்வி கையில் காப்பி பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையைக் காப்பாற்றுவது இனி டாக்டர் பாடு. அவள் மானத்துக்கு அந்த வராந்தாவில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று பட்டது.

"அம்மா, திருக அந்தப் புள்ள கெடுக்கல," என்றேன். "எனாமல் உள்ள எறங்கி அடச்சிருக்கு. இது பட்டறைக் கோளாறு. நீங்க உங்க மகளுக்குப் போட்டிருந்தாலும் இப்பிடித்தான் மாட்டியிருக்கும். இந்தா, பாருங்க."

முதலாளி, "அவன் பதட்டத்துல ஒளர்றான்மா," என்றார்.

மாமியார் குழலை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது, அதை அவள் முகத்தில் பார்த்தேன். ஆனால் திருப்பி என் கையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கோளாறு உங்களுதாவே இருக்கட்டும். பீரோவுல இருந்தத எடுத்துக் கையில மாட்டுனது யாரு? அதுக்கும் உங்க அடுப்புதான் காரணமா?"

வராந்தாவில் இருந்த எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். திரைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. செல்வி பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்காக நான் கண்ணீர் விடவில்லை, திருகு வைக்கத் தெரிந்தவனுக்கு மதுரையில் சோறு கிடைக்காமல் போகாது. பேச்சியின் விரல்கள் வெட்டுப்படாமல் தப்பின, ஆனால் உள்ளங்கைப் பக்கமாகச் சுருண்டு அப்படியே நின்றுவிட்டன என்று கேள்விப்பட்டேன். செல்வியின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. வெறும் தங்கத்தில் வேறு காப்பு வாங்கினார்களாம்.

பிறகு பல வருடங்கள் ஓடிவிட்டன. கண் கொஞ்சம் மங்கி, நுணுக்க வேலையை விட்டுவிட்டு, வேறொரு கடையில் பழைய நகை எடுக்கிற மேசையில் உட்கார்ந்திருந்தேன். உங்களில் சிலர் அந்த மேசைக்கும் போவீர்கள், அதனால் சொல்கிறேன். எனாமல் வைத்த பழைய நகை வந்தால், கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே எனாமலை உடைத்து எடுத்துவிட்டு, மிஞ்சிய தங்கத்தைத்தான் எடை போட வேண்டும். அந்த மேசையில் எனக்குப் பிடிக்காத வேலை அது ஒன்றுதான்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தாள். உள்ளே ஒற்றைப் பச்சைக் காப்பு. எனக்கு முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் கையால் வைத்த திருகு, எங்கள் அடுப்பில் உருகிய பச்சை. நிமிர்ந்து பார்த்தேன். செல்வி உடம்பு போட்டிருந்தாள், காதோரம் நரை. அவளுக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா தவறிட்டாங்கண்ணே. பீரோவ ஒதுங்க வச்சப்ப இது கெடந்துச்சு. மகளுக்குக் காது குத்தணும். உருக்கிக் கம்மல் செய்யலாம்னு..." என்றாள்.

நான் காப்பை எடுத்தேன். பழக்கதோசம், திருகைக் கடைசிவரை இறுக்கினேன். பிறகு கழற்றினேன். வெண்ணெய் மாதிரி வந்தது. இந்தக் குழலுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. மேசையில் வைத்தேன்.

"இது நல்லாத்தான்மா இருக்கு. இத எடுத்துப் போட்டிருந்தா உங்க அண்ணிக்கு ஒண்ணும் ஆயிருக்காது," என்றேன். சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன், அவளைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

அவள் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணி எடுக்கலண்ணே. நான்தான் அவுங்க கையில போட்டுவிட்டேன்," என்றாள்.

அதற்கப்புறம் அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். அன்று விடிகாலையில் அம்மா பத்திரிகை வைக்கப் போயிருந்த நேரம். அன்றைக்குக் கடையில் அண்ணி ஆசையாகத் தொட்டுப் பார்த்ததும் அம்மா அதட்டியதும் அவளுக்கு மனதில் இருந்திருக்கிறது. அண்ணி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கையைப் பிடித்து இழுத்து ஒற்றைக் காப்பை மாட்டி, விளையாட்டாகத் திருகைக் கடைசிவரை இறுக்கியிருக்கிறாள். இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்திருக்கிறார்கள். கழற்ற வரவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதற்குள் அம்மாவும் பலகாரம் சுட அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். சுளுக்கு என்று சொல்லித் துணியைச் சுற்றலாம், நாளைக்கு ரகசியமாகக் கடைக்குப் போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதும் செல்விதான். துணியைச் சுற்றிவிட்டதும் அவள்தான்.

"ஆஸ்பத்திரியில நீங்க பேசுனீங்க. அம்மா கேட்டாங்க, யாரு மாட்டுனதுன்னு. எந்திரிச்சுச் சொல்லிரணும்னு நெனச்சேன்ணே. அம்மாவுக்குப் பயம். கல்யாணம் நின்னுருமோன்னு பயம். அண்ணி உள்ள இருந்து சொல்லிருவாங்க, சொன்னா ஆமான்னு சொல்லிருவோம்னு இருந்தேன். அவுங்க சொல்லல."

"அப்புறமாவது?"

"கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சு மறுவீடு வந்தப்ப அண்ணி இல்ல. கை சரியாகுற வரைக்கும் ஊர்ல இருக்கட்டும்னு கொண்டுபோய் விட்டுட்டாங்க. அப்புறம் யாரும் கூப்புடல. அண்ணன் வேற கட்டிக்கிருச்சு."

"இப்ப எங்க இருக்கு அந்தப் புள்ள?"

"ஊர்லதான். ஆடு வச்சிருக்காங்களாம். சந்தைக்கு வருவாங்களாம். நான் போய்ப் பாக்கலண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. அந்த வராந்தாவில் வராத கோபமும் சேர்ந்து இப்போது வந்தது. "இத எதுக்கும்மா எங்கிட்டச் சொல்ற? நான் காப்ப வெட்டி அந்தக் கையக் காப்பாத்துன ஆசாரி, அம்புட்டுத்தான். ஆரப்பாளையம் போனா உசிலம்பட்டி பஸ் நிக்குது. ஏறி உக்காந்தா அது கொண்டுபோய் விட்டுரும். அங்க போய்ச் சொல்லு. உங்கம்மாவும் இல்ல, இனி யாருக்குப் பயப்படணும்?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுண்ணே போறது?"

"இப்ப எங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொன்னியோ, அதே மூஞ்சிதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகிறேன் என்று சொன்னாள். இன்றைக்கே போய்விடுகிறேன் அண்ணே என்று இரண்டு தடவை சொன்னாள். நான் நம்பினேன். காப்பை அவள் பக்கமாகத் தள்ளி, "இத உருக்க வேணாம். கொண்டுபோய் அந்தப் புள்ள கையில குடு. அதுக்குத்தான் இந்தப் பச்சை புடிச்சிருந்துச்சு," என்றேன்.

அவள் காப்பைக் கைக்குட்டையில் சுற்றவில்லை.

"அவுங்க கைக்கு இனிமே இது எறங்காதுல்லண்ணே," என்றாள். "மகளுக்குக் கம்மல் செஞ்சிரலாம். உடைச்சிருங்க."

நான் எழுந்துவிட்டேன். இந்தக் காப்பை என்னால் உடைக்க முடியாது என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். பின்னால் குறடு நெரிக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் கையில் ஏறிய அதே சத்தம்.

சற்று நேரத்தில் என்னைக் கடந்து வெளியே போனாள். "வாரேண்ணே," என்றாள். டீ குடிக்கிற சாக்கில் நானும் தெருமுனைவரை போனேன். ஆரப்பாளையம் பஸ் ஒன்று வந்து நின்று, கொஞ்சம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து அவள் பிறந்த வீட்டுப் பக்கம் போகிற பழங்காநத்தம் பஸ் வந்தது. அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளே, அடுப்பிலிருந்து இறங்கிய காப்பின் திருகை முழுக்க இறுக்கி, முழுக்கக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் கொடுக்காதீர்கள். ஒரு கை காப்புக்குள் மாட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வந்தால் எனாமலைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள், பார்த்ததும் வெட்டுங்கள். இவ்வளவும் நம் கையில் இருக்கிறது. பேச்சிக்கு நான் செய்ய முடிந்தது அந்த வெட்டு ஒன்றுதான். உசிலம்பட்டி சந்தையில் ஆடு பிடித்துக்கொண்டு நிற்கிற அவளை, அந்த வீட்டில் இன்றைக்கும் களவாணி என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.